செங்கல் முகப்புக்குப் பின்னால்: இங்கிலாந்தின் பழைய பண்ணைவீட்டை ஆராய்ந்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் கிழக்கு, தென்கிழக்கு, மத்தியப் பகுதிகளில் பயணம் செய்வோர் சிவந்த செங்கல் சுவரும் செங்குத்தான ஓட்டுக்கூரையும் தடித்த புகைபோக்கியும் கொண்ட பண்ணைவீடுகளை வழிநெடுகக் காண்பார்கள். அவற்றுள் பலவற்றில் முகப்பின் வயது வேறு, கூரையின் வயது வேறு, அடுப்பின் வயது வேறு. முகப்புச் செங்கல்லை மட்டும் பார்த்து முழு வீட்டுக்கும் வயது சொல்லிவிடுவதே இத்துறைக்குப் புதிதாக வருவோர் செய்யும் பெரும்பிழை. ஸ்டாஃபர்ட்ஷயரிலுள்ள மோஸ்லி ஓல்ட் ஹால் இதற்கு மிகச் சிறந்த சான்று. அது 1600-ஐ ஒட்டி ஓக் மரச்சட்டக வீடாக எழுப்பப்பட்டது. 1651-இல் வூஸ்டர் போரில் தோற்றுத் தப்பியோடிய இரண்டாம் சார்லஸ் அதில்தான் ஒளிந்திருந்தார். 19-ஆம் நூற்றாண்டில், அது பண்ணைவீடாக இருந்த காலத்தில், மரச்சட்டகத்தின்மேல் வெளிப்புறமாகச் செங்கல் போர்த்தப்பட்டது. இன்று வெளியே நின்று பார்ப்பவர் அதை விக்டோரியா காலத்து வீடு என்றே சொல்வார். உள்ளே சென்று விட்டங்களைப் பார்ப்பவர் எலிசபெத் காலத்துக்குப் போய்விடுவார்.

ஆகவே இந்த வழிகாட்டி வெளியிலிருந்து உள்ளே, கீழிருந்து மேலே என்ற வரிசையில் செல்கிறது. ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் சான்றைத் தனித்தனியே குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே வீட்டின் வரலாற்றைப் பற்றி முடிவுக்கு வர வேண்டும். அளவுநாடா, குறிப்பேடு, கைவிளக்கு, படக்கருவி ஆகியவை போதும். இவ்வீடுகளில் பெரும்பாலானவை இன்றும் குடும்பங்கள் வாழும் தனியார் இல்லங்கள் என்பதால் உரிமையாளரின் அனுமதி முதலில் வேண்டும்.

முதல் படி: வீடு நிற்கும் இடத்தைப் பாருங்கள்

பண்ணைவீடு ஊருக்குள் தேவாலயத்தின் அருகே நிற்கிறதா, வயல்களின் நடுவே தனியாக நிற்கிறதா என்பதே முதற்கேள்வி. இங்கிலாந்தின் மத்தியப் பகுதிகளில் நிலங்கள் நெடுங்காலம் பொதுவயல்களாக, கீற்றுக் கீற்றாகப் பிரிக்கப்பட்டுப் பயிரிடப்பட்டன. உழவர்கள் ஊருக்குள் குடியிருந்தார்கள். ஏறத்தாழ 1750-க்கும் 1850-க்கும் இடையில் நாடாளுமன்றச் சட்டங்கள் வழியாக அந்த நிலங்கள் ஒருங்கிணைக்கப்பட்டு வேலியிடப்பட்டபோது, தம் நிலத்தின் நடுவிலேயே புதிய வீடு கட்டிக்கொள்வது பெரிய உழவர்களுக்கு வசதியாயிற்று. நேர்க்கோட்டு வேலிகளால் சூழப்பட்டு, வயல்வெளியில் தனித்து நிற்கும் சமச்சீரான செங்கல் வீட்டைப் பார்த்தால் முதலில் அந்தக் காலகட்டத்தையே நினைக்க வேண்டும். ஊருக்குள் இருக்கும் வீட்டில் இன்னும் பழைய சட்டகம் மறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து மண்ணைக் கவனியுங்கள். சரக்குப் படகுகள் செல்லும் வாய்க்கால்களும் தொடர்வண்டிப் பாதைகளும் வருவதற்கு முன் செங்கல்லை வண்டியில் ஏற்றி நெடுந்தொலைவு கொண்டுசெல்வது பெருஞ்செலவு. பண்ணையின் சொந்த நிலத்திலோ பக்கத்து ஊரிலோ களிமண் வெட்டிச் சுடுவதே வழக்கம். வீட்டுக்கு அருகில் இன்று குளமாகத் தேங்கி நிற்கும் பள்ளம் ஒருகாலத்தில் அந்த வீட்டுக்கே மண் தந்த குழியாக இருக்கக்கூடும். இரும்புச் சத்து மிகுந்த மண் சிவப்பாகச் சுடப்படுகிறது. சுண்ணம் மிகுந்த மண் வெளிர்மஞ்சளாகவோ பாலேட்டு நிறமாகவோ மாறுகிறது. கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கின் சில பகுதிகளிலும் வெளிர்நிற வீடுகள் மிகுதியாக இருப்பதற்கு அங்குள்ள மண்ணே காரணம்.

இரண்டாம் படி: ஒற்றைச் செங்கல்லை அளந்து பாருங்கள்

ரோமானியர்கள் பிரிட்டனை விட்டு நீங்கிய பிறகு செங்கல் சுடும் தொழில் அங்கே பல நூற்றாண்டுகள் வழக்கொழிந்திருந்தது. சஃபோக்கிலுள்ள லிட்டில் வென்ஹாம் ஹால் 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செங்கல்லால் எழுந்த அரிய வீடு. 1430-களில் ரால்ஃப் க்ராம்வெல் பிரபு லிங்கன்ஷயரில் டாட்டர்ஷால் கோட்டையின் மாபெரும் செங்கல் கோபுரத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் செங்கல் பிரபுக்களின் பொருள். உழவர் வீட்டுக்கு அது இறங்கி வர மேலும் 150 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பல மாவட்டங்களில் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பண்ணைவீட்டின் முழுச்சுவரும் செங்கல்லாயிற்று. அதற்கு முன் வசதியுள்ள உழவரும் புகைபோக்கியை மட்டும் செங்கல்லால் கட்டிக்கொண்டு சுவரை மரச்சட்டகமாகவே விட்டுவைத்தார்.

கல்லின் தடிமன் காலத்தைக் காட்டும் குறிப்புகளுள் ஒன்று. ட்யூடர் காலத்துச் (1485–1603) செங்கல் மெலிந்தது. ஏறக்குறைய 2 அங்குலத் தடிமனே இருக்கும். 1571-இல் லண்டனின் ஓடு மற்றும் செங்கல் தொழிலாளர் சங்கத்துக்கு 9 × 4½ × 2¼ அங்குலம் என்ற அளவு விதிக்கப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் தடிமன் 2½ அங்குலத்தை ஒட்டி நின்றது. 1784-இல் ஆயிரம் கல்லுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் என்று செங்கல் வரி விதிக்கப்பட்டபோது, வரி எண்ணிக்கையின்மேல் விழுந்ததால், கல்லைப் பெரிதாக்கிச் செலவைக் குறைக்க முயன்றார்கள். லெஸ்டர்ஷயரின் மீஷமில் ஜோசஃப் வில்க்ஸ் அளவுக்கு மீறிப் பருத்த கற்களைச் சுட்டார். அவற்றால் கட்டிய வீடுகள் அங்கே இன்றும் உள்ளன. 1803-இல் 150 கன அங்குலத்தைத் தாண்டிய கல்லுக்கு வரி இரட்டிப்பானதால் அந்த வழி அடைபட்டது. 1850-இல் வரியே நீக்கப்பட்டது. வட மாவட்டங்களிலும் மத்தியப் பகுதியிலும் 3 அங்குலத்தை எட்டும் தடித்த கல்லைப் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும் காண்கிறோம்.

ஆனால் ஒரே சூளையின் கற்களே ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால் ஒரு கல்லை மட்டும் அளந்து முடிவு செய்யலாகாது. ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள நான்கு வரிசைக் கற்களையும் அவற்றின் நான்கு சாந்து இடைவெளிகளையும் சேர்த்து அளந்து, அதையே சுவரின் பல இடங்களில் செய்து பார்க்க வேண்டும். பத்து அங்குலத்தை ஒட்டிய அளவு ஒரு சுவரிலும், பன்னிரண்டு அங்குல அளவு அடுத்த சுவரிலும் கிடைத்தால், இரண்டும் ஒரே காலத்தவை அல்ல என்று கொள்ள வலுவான காரணம் கிடைத்துவிட்டது.

கல்லின் முகத்தையும் கவனியுங்கள். இலையுதிர் காலத்தில் மண்ணை வெட்டிக் குவித்து, குளிர்காலப் பனி அதன் கட்டிகளை உடைக்கும்படி விட்டு, வசந்தத்தில் மிதித்துப் பதப்படுத்தி, கோடையில் மர அச்சில் அறுத்துக் காயவைத்துச் சுட்டார்கள். அதனால் கையால் அறுத்த கல்லில் மடிப்புக் கோடுகளும், காயும்போது வைத்த புல்லின் தடங்களும், ஒன்றுபோல் ஒன்றில்லாத விளிம்புகளும் இருக்கும். விறகுச் சூளையில் தீயை நேரடியாக எதிர்கொண்ட கல்லின் முனை, புகையிலுள்ள உப்புகளால் உருகிக் கருநீலப் பளபளப்பு அடையும். கொத்தனார்கள் இந்தக் கற்களை வீணாக்காமல் சிவப்புச் சுவரில் வைர வடிவக் கோலங்களாகப் பதித்தார்கள். பெர்க்‌ஷயர், ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் பக்கங்களில் சுவரின் பெரும்பகுதியையே வெள்ளிச் சாம்பல் நிற முனைகளால் நிரப்பிய வீடுகளும் உண்டு.

மூன்றாம் படி: கட்டு முறையைப் படியுங்கள்

செங்கல்லின் நீளப்பக்கம் வெளியே தெரியும்படி வைப்பதை நெடுக்குக்கல் என்றும், குறுகிய முனை தெரியும்படி வைப்பதைக் குறுக்குக்கல் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். ஒரு வரி முழுதும் நெடுக்கு, அடுத்த வரி முழுதும் குறுக்கு என்று மாறி மாறி வருவது இங்கிலீஷ் பாண்டு (பாண்டு என்றால் கட்டு முறை). 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இதுவே ஓங்கியிருந்தது. உறுதியில் இதற்கு ஈடில்லை. ஒரே வரியில் நெடுக்கும் குறுக்கும் மாறி மாறி வருவது ஃபிளெமிஷ் பாண்டு. 1631-இல் கட்டப்பட்ட க்யூ அரண்மனை இம்முறைக்கு இங்கிலாந்தின் முற்கால எடுத்துக்காட்டுகளுள் பெயர்பெற்றது. 18-ஆம் நூற்றாண்டில் மதிப்புள்ள முகப்பு என்றாலே ஃபிளெமிஷ் பாண்டு என்ற நிலை உருவாயிற்று.

இங்கேதான் பண்ணைவீடு தன் உரிமையாளரின் மனத்தை வெளிப்படுத்துகிறது. முகப்பைச் சுற்றிப் பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் செல்லுங்கள். முன்புறம் ஒரே நிறக் கற்களால், மெல்லிய சாந்துக் கோடுகளோடு, ஃபிளெமிஷ் பாண்டில் கட்டப்பட்டிருக்கும். மூலையைத் திரும்பியதும் கற்கள் கரடுமுரடாகி, ஒரு குறுக்கு வரிக்கு மூன்று அல்லது ஐந்து நெடுக்கு வரிகள் என்ற சிக்கனக் கட்டாக மாறும். பின்புறத்தில் சிக்கிமுக்கிக் கல்லோ சாந்து பூசிய மரச்சட்டகமோகூட இருக்கும். விளைச்சல் விலை நன்றாக இருந்த ஆண்டுகளில் சேர்த்த பணத்தை ஊரார் பார்க்கும் பக்கத்தில் செலவிட்டிருக்கிறார்கள். இந்த மாற்றம் நிகழும் மூலையை மிகக் கவனமாகப் பாருங்கள்: இரண்டு சுவர்களின் கற்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் அவை ஒரே காலத்தவை, மேலிருந்து கீழாக ஒரே செங்குத்துக் கோடு ஓடினால் முகப்பு பிற்காலத்தில் ஒட்டப்பட்டது.

செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையும் உண்டு. எலிப்பொறிக் கட்டு என்பார்கள். கல்லும் சாந்தும் மிச்சமாவதால் தொழிலாளர் குடிசைகளிலும் பண்ணையின் பின்கட்டுகளிலும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இது பரவியது. பர்மிங்ஹாமில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் இதே கட்டைத் தம் சிக்கன வீடுகளில் விரிவாகக் கையாண்டதால், தென்னிந்தியப் பொறியாளர்கள் பலருக்கு இது நன்கு பழக்கமானதே.

கென்ட், சசெக்ஸ் மாவட்டங்களில் இன்னும் ஒரு எச்சரிக்கை தேவை. அங்கே செங்கல்போலத் தோன்றும் முகப்பு சில வீடுகளில் செங்கல்லே அன்று. மரச்சட்டகத்தின்மேல் ஆணியடித்துத் தொங்கவிட்ட, செங்கல் முகம் கொண்ட சிறப்பு ஓடு. ஜன்னல் ஓரத்தில் சுவரின் தடிமன் மிகக் குறைவாக இருப்பதும், மூலையில் மரப்பட்டை ஓடுவதும் அதைக் காட்டிக்கொடுக்கும். செங்கல் வரியிலிருந்து தப்பவே இதைக் கண்டுபிடித்தார்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள், அது பொருந்தாது. 1784-இன் வரி ஓட்டுக்கும் சேர்த்தே விதிக்கப்பட்டது. இந்த ஓடும் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வழக்கில் இருந்தது.

நான்காம் படி: ஜன்னல்களும் கதவும்

திறப்புகள் அடிக்கடி மாற்றப்படுபவை. ஆகவே ஜன்னல் சட்டத்தைவிட அது பொருந்தியுள்ள செங்கல் திறப்பே நம்பத்தக்கது. 17-ஆம் நூற்றாண்டுத் திறப்பு உயரத்தைவிட அகலம் மிகுந்தது. உள்ளே மரத்தாலோ, சாந்து பூசிக் கருங்கல்போலக் காட்டிய செங்கல்லாலோ ஆன நடுத்தூண்களும், ஈயக் கம்பியில் கோத்த சிறு கண்ணாடிகளும் இருந்தன. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி 18-ஆம் நூற்றாண்டில் பரவிய, மேலும் கீழும் நகரும் சாஷ் ஜன்னல் அகலத்தைவிட உயரம் மிகுந்த திறப்பைக் கேட்டது. அகலமான பழைய திறப்பின் பாதியை அடைத்து உயரமான ஜன்னலைப் பொருத்தியிருந்தால், அடைத்த இடத்தின் வெட்டுக்கோடு சுவரில் தெரியும். பழைய வளைவின் ஒரு துண்டுகூட மேலே மிஞ்சியிருக்கலாம்.

சாஷ் ஜன்னலின் குறுக்குச் சட்டங்கள் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடித்தும், 1800-ஐ ஒட்டி மிக மெலிந்தும் இருந்தன. 1845-இல் கண்ணாடி வரி நீங்கியதும் பெரிய கண்ணாடிகள் மலிவாயின. அவற்றின் எடையைத் தாங்க மேற்சட்டத்தின் இரு ஓரங்களிலும் கொம்புபோன்ற நீட்சிகளை விட்டார்கள். கொம்புள்ள ஜன்னலை ஜார்ஜிய காலத்தது (1714–1830) என்று எழுதிவிடக் கூடாது.

அடைக்கப்பட்ட ஜன்னல் எதைக் கண்டாலும் ஜன்னல் வரி என்று சொல்லிவிடும் பழக்கம் மிகப் பரவலானது. 1696 முதல் 1851 வரை அவ்வரி இருந்தது, பலர் அதற்காகவே ஜன்னலை அடைத்தார்கள் என்பதெல்லாம் உண்மை. எனினும் உள்ளே புகைபோக்கி வந்ததாலும், படிக்கட்டு மாறியதாலும், சமச்சீர் தோற்றத்துக்காகத் தொடக்கத்திலேயே பொய்ஜன்னலாகக் கட்டியதாலும் அடைபட்டவை ஏராளம். ஜேன் ஆஸ்டின் 1809 முதல் 1817 வரை வாழ்ந்த ஹாம்ப்ஷயரின் சாட்டன் செங்கல் வீட்டில், சாலையை நோக்கிய ஜன்னல் ஒன்று அடைக்கப்பட்டுத் தோட்டத்தை நோக்கிப் புதிய ஜன்னல் திறக்கப்பட்டது. போக்குவரத்து மிகுந்த சாலையிலிருந்து தனிமை வேண்டியதே காரணம். அடைத்த இடத்தின் பின்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே காரணம் சொல்லுங்கள். பால் பண்டங்கள் செய்யும் அறைகளுக்கு வரிவிலக்கு உண்டு என்பதால், பாலாடைக்கட்டி அறை, பால் அறை என்று கதவின் மேலோ ஜன்னலின் மேலோ எழுதிவைத்த எழுத்துகள் சில பண்ணைவீடுகளில் இன்றும் அழியாமல் இருக்கின்றன.

ஐந்தாம் படி: முக்கோணச் சுவர், கூரை, புகைபோக்கி

கூரைச் சரிவுக்கு ஈடாக உயரும் பக்கவாட்டு முக்கோணச் சுவரில்தான் கொத்தனாரின் கைத்திறன் முழுமையாக வெளிப்படுகிறது. என் கருத்தில் இந்த வீடுகளின் மிக அழகிய பகுதி அதுவே. கிழக்கு ஆங்கிலியாவிலும் (நார்ஃபோக், சஃபோக் சார்ந்த பகுதி) லிங்கன்ஷயரிலும் கிழக்கு யார்க்‌ஷயரிலும் சரிவின் ஓரத்தில் செங்கற்களைக் கூரைச் சரிவுக்குச் செங்குத்தாகத் திருப்பி, முக்கோணம் முக்கோணமாகச் சுவருக்குள் இறக்கியிருப்பார்கள். சரிவுக்கு ஏற்பக் கற்களை வெட்டினால் வெட்டிய முகத்தில் மழைநீர் இறங்கிக் கல் நொறுங்கும். திருப்பி வைத்தால் சுட்ட முகமே மழையை எதிர்கொள்ளும். அழகுக்கும் ஆயுளுக்கும் ஒரே தீர்வு கண்ட அறிவை வியக்காமல் இருக்க முடியாது. நார்ஃபோக்கிலும் கென்ட்டிலும் படிப்படியாக ஏறும் முக்கோணச் சுவர்களும் வளைந்து நெளியும் விளிம்புகளும் வட கடலுக்கு அப்பாலுள்ள நெதர்லாந்து நாடுகளோடு இருந்த வணிக உறவைக் காட்டுகின்றன. சுவரைத் தரையின் விட்டங்களோடு பிணைக்கும் இரும்புக் கொக்கிகளையே எண்களாக வளைத்து, கட்டிய ஆண்டைச் சுவரில் எழுதிய வீடுகளும் அங்கே உண்டு. அந்த ஆண்டு வீடு கட்டியதையோ, முகப்பு மாற்றியதையோ, வெறும் பழுதுபார்ப்பையோ குறிக்கலாம். பிற சான்றுகளோடு ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கூரையின் சரிவும் பேசும். 50 பாகையை ஒட்டிய செங்குத்தான சரிவு வைக்கோலுக்கோ நாணலுக்கோ அமைக்கப்பட்டது. இப்போது மேலே ஓடு இருந்தாலும் முன்பு வேய்ந்த கூரையாக இருந்திருக்கலாம். தட்டையான சிறு ஓட்டுக்கு 10½ × 6¼ அங்குலம் என்ற அளவை 1477-இலேயே நான்காம் எட்வர்டின் சட்டம் விதித்தது. இன்றும் அதை ஒட்டிய அளவே நடப்பில் இருக்கிறது. வளைந்த பெரிய ஓடு கிழக்குக் கடலோரத்தில் 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்திலிருந்து வந்தது. வேல்ஸின் மெல்லிய சிலேட்டுப் பலகை கிழக்கு மாவட்டங்களுக்கு வந்தது பெரும்பாலும் வாய்க்கால், தொடர்வண்டிக் காலத்தில்தான். முக்கோணச் சுவரின் நடுவில் பழைய சரிவின் கோடு தெரிந்து, அதற்கு மேல் வேறு நிறக் கற்கள் இருந்தால், கூரையை உயர்த்தி மாடி முழுமையாக்கப்பட்டது என்று பொருள்.

உள்ளே நுழையும் முன் புகைபோக்கி எங்கே எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்வாசலுக்கு நேர்மேலே கூரையின் நடுவில் எழுகிறதா, இரு முனைகளிலும் எழுகிறதா? அடுத்த படி முழுதும் இந்த ஒரு விடையைச் சார்ந்தது.

ஆறாம் படி: தரைப்படத்தை அறிந்துகொள்ளுங்கள்

இடைக்காலப் பண்ணைவீட்டின் நடுவில் மாடியில்லாத, கூரைவரை திறந்த பெருங்கூடம் இருந்தது. அதன் தரை நடுவே நெருப்பு எரிந்தது. புகை கூரையின் இடுக்குகள் வழியே வெளியேறியது. கூடத்தின் ஒரு முனையில் எதிரெதிர் வாசல்களை இணைக்கும் குறுக்குநடை; அதற்கு அப்பால் பானங்களும் உணவுப் பொருளும் வைக்கும் இரண்டு அறைகள்; மறுமுனையில் குடும்பத்தாரின் தனியறை. வரலாற்றாய்வாளர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1570-க்கும் 1640-க்கும் இடைப்பட்ட காலத்தை நாட்டுப்புற இங்கிலாந்தின் பெரும் புனர்நிர்மாணக் காலம் என்று 1953-இல் வரையறுத்தார். எல்லா மாவட்டங்களுக்கும் அந்த ஆண்டுகள் பொருந்தவில்லை என்று பின்னர் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனால் அவர் சுட்டிய மாற்றத்தை யாரும் மறுக்கவில்லை. திறந்த கூடத்துக்குள் செங்கல் புகைபோக்கி நுழைந்தது. புகை அடங்கியதும் கூடத்தின் மேல் தளம் போட்டு மாடியறை உண்டாக்கினார்கள்.

புகைபோக்கியைக் குறுக்குநடையிலேயே நிறுத்திவிட்டால், முன்வாசலைத் திறந்தவுடன் எதிரே அதன் பக்கம் நிற்கும். சிறிய முன்னிடமும் இருபுறமும் இரண்டு அறைக்கதவுகளும் மட்டும் இருக்கும். கிழக்கு ஆங்கிலியாவில் 17-ஆம் நூற்றாண்டுப் புது வீடுகளைத் தொடக்கத்திலேயே இப்படித்தான் திட்டமிட்டார்கள். ஒரே தடித்த புகைபோக்கியில் முதுகோடு முதுகு சேர்ந்த அடுப்புகள் இரண்டு அறைகளையும் சூடாக்கின. குறுகிய சுழற்படி அதன் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டது. வாசலுக்கு நேர்மேலே புகைபோக்கி தெரிந்தால், முகப்பு எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும், உள்ளே இந்தத் திட்டத்தைத் தேடுங்கள்.

18-ஆம் நூற்றாண்டில் நடுவில் படிக்கட்டுக் கூடமும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு அறையும், முனைகளில் புகைபோக்கிகளும் கொண்ட சமச்சீர்த் திட்டம் வந்தது. வசதி பெருகியபோது முன்னும் பின்னுமாக இரண்டு அறை ஆழத்துக்கு வீடு தடித்தது. வசதி குறைந்தவர்கள் பின்புறத்தில் கூரைச் சரிவையே தாழ இறக்கி, அதனடியில் சமையல் பின்கட்டையும் பால் அறையையும் வைத்துக்கொண்டார்கள். பால் அறை வெயில் படாத வடக்குப் பக்கத்தில் அமையும். பின்கட்டிலிருந்து தனியே ஏறும் ஒடுங்கிய படி ஒரு மாடியறைக்கு மட்டும் சென்று, மற்ற அறைகளோடு இணையாமல் நின்றால், அது பண்ணையிலேயே தங்கி வேலை செய்த மணமாகாத ஆட்களின் அறையாக இருந்திருக்க வாய்ப்புண்டு. எசமானின் மாடிக்கும் அவர்களின் மாடிக்கும் இடையே கதவுகூட இல்லாமல் சுவர் எழுப்பியதைப் பார்க்கும்போது, சமூக ஏற்றத்தாழ்வு ஒரு வீட்டின் தரைப்படத்திலேயே பதிந்துகிடப்பதை உணரலாம்.

ஏழாம் படி: அடுப்பும் விட்டங்களும்

பெரிய அறையின் அடுப்பு சிறியதாக, வார்ப்பிரும்புச் சட்டத்தோடு இருந்தால் அதன் இரு பக்கமும் சுவர் எவ்வளவு தூரம் துருத்திக்கொண்டிருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஆறடி, எட்டடி அகலத்துக்குத் துருத்தியிருந்தால் அதனுள்ளே பழைய பேரடுப்பு அடைக்கப்பட்டிருக்கிறது. திறந்து வைத்துள்ள வீடுகளில் அதன் மேல் தடித்த ஓக் விட்டத்தையும், உள்ளே ரொட்டி சுடும் செங்கல் குழியையும், உப்பு ஈரமாகாமல் வைக்கும் சிறு மாடத்தையும் காணலாம். விட்டத்தில் கண்ணீர்த் துளி வடிவக் கருகல்களும், சுவரிலும் கதவிலும் கவராயத்தால் வரைந்த ஆறிதழ்ப் பூக்களும் இருக்கும். வாசல், அடுப்பு, ஜன்னல் ஆகிய திறப்புகள் வழியே தீமை நுழையாமல் காக்க இட்ட அடையாளங்கள் என்று ஆய்வாளர் பலர் இவற்றைக் கருதுகிறார்கள். புகைபோக்கியருகே பழைய காலணிகளை மறைத்துவைக்கும் வழக்கமும் இருந்தது. அவ்வாறு கண்டெடுத்தவற்றின் பட்டியலை நார்தாம்ப்டன் அருங்காட்சியகம் பேணி வருகிறது.

மேற்தள விட்டங்களின் கீழ் விளிம்புகளைச் சாய்வாகச் செதுக்கி, முனையில் ஒரு வடிவத்தோடு நிறுத்துவது 16, 17-ஆம் நூற்றாண்டு வழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் விட்டத்தைச் சாந்துத் தளத்தால் மறைப்பதே நாகரிகமானதால் செதுக்கல் தேவையற்றதாயிற்று.

எட்டாம் படி: கூரைக்குள் ஏறுங்கள்

மாற்றத்துக்கு மிகக் குறைவாக உட்படும் இடம் கூரையின் உட்பகுதி. கைமரங்களின்மேல் படிந்த கரிய புகைப்படலம் அடுப்பு திறந்த கூடத்தில் எரிந்த காலத்தைக் காட்டும். தச்சர் ரோம எண்களைச் செதுக்கிச் சட்டங்களைப் பொருத்தியிருப்பார். எண்கள் ஒழுங்காக வந்தால் சட்டகம் தன் முதல் இடத்திலேயே நிற்கிறது. எதையும் தாங்காத வெற்றுத் துளைகள் மரத்தில் இருந்தால் அது வேறொரு கட்டடத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்தியது. உடைத்த கப்பலின் மரம் என்று வீட்டார் பெருமையோடு சொல்லக்கூடும். அநேகமாக எல்லா இடங்களிலும் அது ஆதாரமற்ற கதை. வயதை உறுதியாக அறிய, ஓக் மரத்திலிருந்து மெல்லிய துண்டெடுத்து ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிடும் முறை உதவும். பட்டையை ஒட்டிய வெளிவளையம் மிஞ்சியிருந்தால் மரம் வெட்டிய ஆண்டையே சொல்லிவிட முடியும்.

ஒன்பதாம் படி: ஆவணங்களும் காலவரிசைப் படமும்

1662 முதல் 1689 வரை விதிக்கப்பட்ட அடுப்பு வரியின் பட்டியல்கள் ஒரு குடும்பத்துக்கு எத்தனை அடுப்புகள் இருந்தன என்று சொல்கின்றன. தேவாலயத்துக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தரும் தசமபாகம் குறித்த 1836-இன் சட்டத்தை ஒட்டித் தயாரான நிலப்படங்கள் வீட்டின் உருவத்தையும் உரிமையாளர், குத்தகைதாரர் பெயர்களையும் தருகின்றன. எல்லாவற்றிலும் சிறந்தது இறந்தவரின் உடைமைப் பட்டியல்: மதிப்பிட வந்தவர்கள் பெரும்பாலும் அறை அறையாக நடந்து எழுதியதால், அறைகளின் பெயர் வரிசையே ஒரு தரைப்படம்போல் அமைந்துவிடுகிறது. இவை மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும் க்யூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் கிடைக்கும்.

பிறகு தரைப்படத்தை வரைந்து, ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிறம் கொடுங்கள். எது எதை வெட்டிச் செல்கிறதோ அது பிந்தியது, எது எதன்மேல் நிற்கிறதோ அது பிந்தியது என்ற இரண்டு விதிகளே பெரும்பாலான ஐயங்களைத் தீர்க்கும். செங்கல் சொல்லும் காலமும் கூரை சொல்லும் காலமும் முரண்பட்டால் ஒன்றைப் பொய்யென்று தள்ளாதீர்கள். இரண்டும் மெய்யாக இருக்கும்படியான வரலாறு எது என்று தேடுங்கள்.

பத்தாம் படி: பழுதுபார்ப்பதற்கு முன் அறிய வேண்டியவை

இந்தச் சுவர்கள் பெரும்பாலும் வெற்றிடமில்லாத திடச்சுவர்கள். சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. மழையில் சிறிதளவு ஈரத்தை உறிஞ்சி, பிறகு மென்மையான சாந்துக் கோடுகள் வழியே அதை வெளியேற்றுவதே அவற்றின் இயல்பு. ஜோசஃப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்ட் சிமென்டுக்கு உரிமம் பெற்றார். 20-ஆம் நூற்றாண்டில் பழைய சுவர்களின் இடுக்குகளிலெல்லாம் சிமென்டைப் பூசினார்கள். சிமென்டு கல்லைவிடக் கடினமானது. ஈரத்தை வெளியேற விடாது. ஈரம் கல்லின் வழியாகவே வெளியேற முயல்கிறது, குளிர்காலத்தில் அதனுள்ளேயே உறைந்து விரிகிறது, கல்லின் சுட்ட முகம் செதில் செதிலாக உதிர்கிறது. சாந்துக் கோடு மட்டும் துருத்தி நிற்க, கற்கள் உள்ளே குழிந்துபோன சுவரைப் பார்த்தால் நடந்தது இதுதான். முந்நூறு ஆண்டு மழையைத் தாங்கிய சுவரை நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பு சில பத்தாண்டுகளில் அழிப்பதைக் காண்பது மிக வேதனையானது.

திருத்துவதும் அவசரப்படாமல் செய்ய வேண்டியது. சிமென்டை இயந்திரத்தால் அறுத்தெடுத்தால் கல்லின் விளிம்பும் போய்விடும். உளியால் கையாலேயே, இடுக்கின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்காவது எடுக்க வேண்டும். சுவரை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஏறத்தாழ மூன்று பங்கு மணல் என்ற கலவையை அழுத்தி நிரப்பி, ஈரச் சாக்கால் மூடிப் பல நாள் காக்க வேண்டும். வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் பருவத்தில் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது. வில்லியம் மாரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழையதைப் புதிதாக்குவதைவிட உள்ளதைக் காக்கும் அளவுக்கு மட்டும் பழுதுபார்ப்பதே முறை என்று அன்றிலிருந்து வலியுறுத்தி வருகிறது. இவ்வீடுகளுக்கு அதைவிடப் பொருத்தமான நெறியை நான் அறியேன்.

இங்கிலாந்தில் பாதுகாப்புக்குரிய கட்டடங்கள் முதல் நிலை, நட்சத்திரக் குறியுள்ள இரண்டாம் நிலை, இரண்டாம் நிலை என மூன்றாக வகுக்கப்பட்டுள்ளன. 1700-க்கு முன் கட்டப்பட்டுத் தன் பழைய உருவத்தோடு நிற்கும் வீடு பட்டியலில் இருக்கவே வாய்ப்பு மிகுதி. 1700-க்கும் 1850-க்கும் இடைப்பட்டவற்றில் பெரும்பாலானவையும் அவ்வாறே. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனம் பேணும் தேசியப் பட்டியலை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பட்டியலிலுள்ள வீட்டின் இயல்பை மாற்றும் வேலையை உள்ளூர் ஆட்சியமைப்பின் ஒப்புதலின்றிச் செய்வது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தப் பாதுகாப்பு முகப்புக்கு மட்டுமின்றி உள்ளறைகளுக்கும் உண்டு. ஆகவே சாந்தைத் தொடும் முன்பே அந்த ஆட்சியமைப்பின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலரிடம் பேசி, கண்ணில் படாத ஒரு பக்கச் சுவரில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு மாதிரி பூசி, நன்கு காய்ந்தபின் அதன் நிறத்தையும் இறுக்கத்தையும் அவரோடு சேர்ந்து பார்த்து, ஒப்புதலை எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே முகப்புக்கு வாருங்கள்.